பெண் பார்க்க வந்தவருக்கு ஒரு சுருட்டு

மழை எட்டிப் பார்க்காத கோவில்பட்டியில், அதுவும் பங்குனி வெயிலில், பூஞ்சை வளர்த்துக் காட்டிய ஒரே மனிதன் நான்தான். வளர்த்த இடம், சுருட்டு.

தொண்ணூறுகளின் கடைசி. என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க நாகலாபுரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா தலையசைத்தால்தான் கல்யாணம். அவரோ சுருட்டுப் பிரியர். விடுவேனா? கப்பலில் வேலை பார்த்த நண்பனிடம் கெஞ்சி, ஒரு பெட்டி வெளிநாட்டுச் சுருட்டு வாங்கினேன். சுருட்டு காய்ந்துவிடக் கூடாது, ஈரப்பதம் வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். (படிப்புதான் எனக்கு எமன்.) பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, நடுவே சொட்டச் சொட்ட ஒரு ஸ்பாஞ்சை வைத்து, பத்து நாள் இறுக மூடிவைத்தேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் திறந்தால், இருபது சுருட்டும் நரைத்திருந்தன!

மொட்டைமாடிக்கு ஓடினேன். அம்மா மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்து ஒவ்வொரு சுருட்டையும் அழுத்தித் துடைத்து, வெயிலில் உருட்டி உருட்டிக் காயவைத்தேன். பூஞ்சை போன இடம் தெரியவில்லை! (அது அம்மா வத்தல் அள்ளுகிற துண்டு. கை எரிந்தபோதாவது யோசித்திருக்கலாம். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.)

சாயங்காலம் வந்துவிட்டார்கள். பெரியப்பா சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபாரினா? பரவால்லையே தம்பி!"

பூரித்துப்போய் நானே தீக்குச்சியை உரசினேன். (எங்கள் ஊர்க் குச்சி, ஒரே உரசலில் பற்றியது.)

முதல் இழுப்பு. இரண்டாவது. மூன்றாவதில் அவர் கண்கள் பிதுங்கின. மாப்பிள்ளை இருமினார், அவருடைய அம்மா இருமினார், காப்பித் தட்டோடு வந்த செல்வி தும்மினாள். வீடே தெருவுக்கு ஓடியது!

"யாத்தி, வத்தல் நெடில்லா அடிக்கி! சுருட்ட என்னலே செஞ்ச?" என்றாள் அம்மா.

"தொடைச்சேம்மா..."

"எத வச்சி?"

சொன்னேன்.

"எண்ணே, இதுக்குத்தான் புஸ்தகம் புஸ்தகமா வாசிச்சியா?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிய செல்வி, மோர்ச் செம்போடு வந்து பெரியப்பா அருகில் உட்கார்ந்தாள். "மெதுவா குடிங்க. பேசாதீங்க." பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள்.

சம்பந்தம் போச்சு என்று நான் சுவரோடு சுவராக நின்றேன். செம்பைக் காலி செய்த பெரியப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"நாளைக்கே பூ வச்சிருவோம்மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ சுருட்டு நல்லாத்தான் இருந்துதா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தத் தம்பிகிட்டருந்து அந்தப் பிள்ளைய எவ்வளவு சீக்கிரம் கூட்டிட்டுப் போறமோ, அவ்வளவு நல்லது."