ராசா உபதேசியாரும் புளியமர நிழலும்

வேதாகமத்து ராஜாக்கள் அத்தனை பேரையும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலத் தெரிந்து வைத்திருந்தவர் இந்த உலகத்தில் எங்கள் கோயில் உபதேசியார் ஒருவர்தான். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு காண்டிராக்டரிடம் குமாஸ்தா. அவர் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகைதான் எங்கள் கோயில். பூசை வைக்கப் பங்குச் சாமியார் எப்போதாவது வருவார்; மற்ற ஞாயிறுகளில் ஜெபமும் பிரசங்கமும் உபதேசியார் பொறுப்பு. எதைத் தொடங்கினாலும் ஒரு ராஜாவில் வந்து நிற்பதால் 'ராசா உபதேசியார்' ஆனார்.

பிரசங்கத்தோடு விட்டாரா? வழக்கும் தீர்ப்பார். ஒரு கோழிக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடிய குழந்தையைச் சாலமோன் ராஜா பிளக்கச் சொன்னதை நினைத்து, "கோழிய ரெண்டா வெட்டுங்க!" என்று முழங்கினார். உண்மையான சொந்தக்காரி பதறுவாள் என்பது கணக்கு.

"சரிங்க சாமி, ஆளுக்குப் பாதி கொழம்பு வெச்சுக்கறோம்" என்றார்கள் இருவரும்.

"ராசாகிட்ட கோழி வழக்கு வந்திருந்தா அவரும் முழிச்சிருப்பாருங்க" என்றார் உபதேசியார் என்னிடம் ரகசியமாக.

அந்தக் கோடையில் காண்டிராக்டர் மோட்டார் கார் வாங்கினார். வேலைத்தளத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு புளியமரம். கல் சுமக்கும் பெண்கள் அதில் தூளி கட்டிக் குழந்தைகளைத் தூங்கவைப்பார்கள். புதுக் காருக்கு வெயில் ஆகாது என்று தூளிகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். குழந்தைகள் சுடுகல்லில் கிடந்து கத்தின. ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டது. கேட்பார் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசை நாற்காலியில் காண்டிராக்டர். உபதேசியார், அடுத்தவன் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவுக்கு நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையை எடுத்தார்.

"ஒரு பணக்காரனுக்குப் பட்டி நெறைய ஆடுங்க. பக்கத்து ஏழைக்கு ஒரே குட்டி. மடியில போட்டு வளத்தான். பணக்காரன் ஊட்டுக்கு விருந்தாளி வந்தப்ப எதை அறுத்தான் தெரியுமுங்களா? ஏழையோட குட்டியத்தான்!"

காண்டிராக்டர் ஊரில் ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "எந்த ஊர்க்காரன் அவன்? கட்டி வெச்சு ஒதைக்க வேண்டாமா?"

தாவீதும் இப்படித்தான் கொதித்தெழ, குற்றவாளி ராஜாவேதான் என்று தீர்க்கதரிசி போட்டு உடைத்த இடம் அது. எங்கள் உபதேசியாரும் வேதாகமத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதையே செய்தார். ஆனாலும் மரியாதை குறையவில்லை.

"அது... நீங்கதானுங்க."

"நானா?"

"ஆமாங்க. அந்தப் புளியமரமுங்க. கொழந்தைங்க வெயில்ல கெடக்குதுங்க."

காண்டிராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். உபதேசியார் ஜெபத்தை முடித்து, வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டினார்.

மறுநாள் காலை கார் வெயிலில் நின்றது. புளியமரத்தில் தூளிகள் ஆடின. காண்டிராக்டர் கூப்பிட்டனுப்ப, உபதேசியார் பெட்டியோடு வந்தார்.

"அந்த ராசா அப்புறம் என்ன ஆனாருங்க?"

"அழுதாருங்க. மன்னிப்புக் கேட்டாருங்க."

"பட்டம் போயிருச்சா?"

"இல்லீங்க. அதுக்கப்புறமும் அவருதானுங்க ராசா."

காண்டிராக்டர் நீண்ட மூச்சு விட்டார். "பெட்டிய ஊட்டுல கொண்டுபோயி வைங்க."

அணை முடிந்ததும் கூட்டம் பாதி கலைந்தது; உபதேசியாரை எருமப்பட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் நன்றாகப் படித்தவர், தங்கமான மனிதர். எனக்குத்தான் ரொம்ப நாளைக்கு, ராஜாக்கள் வராத அந்தக் கோயிலில் உட்காரவே முடியவில்லை.