பின் இருக்கைக்குக் காது மட்டும்

'கேட்குதா?' என்று கேட்கிறவர்களில், பதில் வேண்டிக் கேட்கிறவர்களை விட்டுவிடுவோம், அவர்கள் சாதுக்கள். கேட்டுவிட்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த விளக்கத்துக்குத் தாவிவிடுகிற இனம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் இங்கே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். கேட்குதா மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார், பேசிக்கொண்டிருந்திருப்பார்.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர் சொந்தமாக நாலு பேர் உட்காரும் குட்டி விமானம் வைத்திருக்கிறார். தரையில் பேசினால் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஆகாயத்தில் எங்கே போவார்கள்? முன்னால் அவரும் மைத்துனனும், பின்னால் மனைவி. இன்ஜின் போடுகிற இரைச்சலில் ஹெட்செட் மாட்டாமல் ஒரு சொல்லும் காதில் ஏறாது. அதைச் செருக முன் இருக்கைகளில் மட்டும்தான் வசதி இருந்தது. ஆகவே அந்த அம்மாள் பல வருடங்களாக நிம்மதியாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். நம்மவருக்கு அது பொறுக்குமா? மேகத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பின்னால் போய்ச் சேராமல் வீணாகிறதே!

ஒரு விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜையை ஒயர்களாலும் ஈயப் புகையாலும் நிரப்பிக்கொண்டு, பின் இருக்கைக்கு இணைப்பு கொடுக்கும் திருப்பணியில் இறங்கினார். மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஹெட்செட்ல ரெண்டு பிளக் இருக்கே, நீங்க ஒரே ஓட்டைதான் போட்டிருக்கீங்க?"

"பெரிய பிளக் காதுக்கு, சின்னது வாய்க்கு. பின்னாடி உட்கார்ந்து நீ யார்கிட்ட பேசப் போறே? கேட்டாப் போதும்."

ஊரில் எத்தனை வீட்டில், எத்தனை அலுவலகத்தில் இதே ஒற்றை ஓட்டை இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெள்ளோட்டத்துக்குக் கிளம்பினார்கள். பெட்ரோல் நிரப்பும்போதே மைத்துனனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று விளக்கிய சுவாரஸ்யத்தில், இறக்கையின் மேலிருக்கும் டேங்க் மூடியைத் திருகி மூட மறந்துவிட்டார். மேலே ஏறியதும் ஆரம்பித்தார்.

"கேட்குதா? அதோ, அந்த மேகம்..."

பின்னால் அந்த அம்மாள் மேகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே இறக்கையிலிருந்து பெட்ரோல் வெள்ளைப் புகையாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. மைக்கில் கத்தினார், அது எங்கே போகும்? கணவரின் தோளைத் தட்டினார்.

"ரொம்பத் தெளிவா கேட்குதாம், மாப்ளே!"

பலமாகக் குத்தினார்.

"பாரு, பாராட்டறா!"

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் தம்பியின் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கி, அதன் மைக்கில் வாயை வைத்து, "டேங்க் மூடி திறந்திருக்கு! பெட்ரோல் எல்லாம் போகுது!" என்று அலறினார்.

நம்மவர் முகம் மலர்ந்தது. "அட, பின் சீட்ல மைக்கும் வேலை செய்யுதே! நான் ஒயரே கொடுக்கலையே!"

"இது தம்பியோட மைக்குங்க! திருப்புங்க!"

அப்போதுதான் திரும்பி இறக்கையைப் பார்த்தார். உயிரே போய்விட்டது. திருப்பினார், இறக்கினார். அந்தப் பக்கத்து டேங்க்கில் ஈரம்தான் மிச்சம். இறங்கியதும் மனைவி அவர் எதிரே வந்து நின்றார்.

"செத்திருப்போங்க. உங்க விளக்கத்தைக் கேட்டுக்கிட்டே செத்திருப்போம்."

அன்று முழுக்க நம்மவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மறுவாரமே இரண்டாவது ஓட்டையும் போட்டு, மைக்குக்கும் ஒயர் கொடுத்துவிட்டார். மறுபடி கிளம்பினார்கள், டேங்க் மூடியை இந்த முறை மனைவியே திருகிப் பார்த்த பிறகு.

"கேட்குதா?"

"நல்லா கேட்குதுங்க. நான் பேசறது உங்களுக்குக் கேட்குதா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே, பெரிய பிளக் காதுக்கு, சின்னது வாய்க்கு! இப்ப அந்த மேகம் இருக்கு பாரு..."

ஒயரில் இப்போது ஒரு குறையும் கிடையாது.

சிரிக்கிறீர்கள். இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு வாய் துறுதுறுக்கிறது. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் கொஞ்ச நேரமாக உங்கள் தோளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அது என்னவென்று முதலில் கேட்டுவிடுங்கள்.