மாமியார் மூக்கும் தங்க டாய்லெட் சீட்டும்

இந்த ஈஸ்டருக்கு என் கழுத்தில் டாய்லெட் சீட் ஏறாது. ஏறவே ஏறாது.

புது வருஷத்தன்று கண்ணாடி முன்னால் நின்று இப்படி ஒரு சபதம் எடுத்தேன். கண்ணாடிக்குள் இருந்த ரோலண்ட் கம்பீரமாகத் தலையாட்டினான். என் வீட்டில் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஒரே ஆள் அவன்தான்.

எங்கள் ஹேஃபீல்ட் ஜீப் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் முகாமுக்கு மலை ஏறும்போது எவர் சேற்றில் மாட்டிக் கயிறு போட்டு இழுக்கப்படுகிறாரோ, அவர் கழுத்தில் தங்க வண்ணம் பூசிய டாய்லெட் சீட்டை மாட்டிவிடுவார்கள். முகாம் முடிகிற வரை அத்தனை பேர் பாத்திரத்தையும் அவர்தான் கழுவ வேண்டும், ஆட்டுத்தொடை சுட்ட தட்டு உட்பட. மூன்று வருஷமாக அந்தப் பெருமை எனக்கே கிடைத்து வருகிறது. இப்போதெல்லாம் அது என் அளவெடுத்துச் செய்த மாதிரி கழுத்தில் கச்சிதமாக உட்காருகிறது.

நான் மாட்டுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். அந்த ஏற்றத்துக்கு மாமியார் மூக்கு என்று பெயர். செங்குத்து, வழவழ களிமண், நடுவில் குறுக்காக ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல் வரும்போது என் வண்டியின் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் வெட்டியாகச் சுற்றும். மண்ணில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். டிஃபரன்ஷியல் என்ற சாமானின் புத்தி அப்படி. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ, எஞ்சின் பலம் முழுவதையும் அதற்கே தாரை வார்த்துவிடும்.

இதற்கு ஒரே மருந்து லாக்கர். நகை வைக்கிற லாக்கர் இல்லை. இதை வாங்கினால் அதில் வைக்க நகை மிஞ்சாது.

சாப்பாட்டு மேஜையில் நரேலிடம் பேச்சை ஆரம்பித்தேன். நரேல் என் மனைவி. வாரத்தில் ஐந்து நாள் மலைக் கிராமங்களுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சனி, ஞாயிறுகளில் மட்டும் நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவாள்.

"இங்க பாரு நரேல், இந்தத் தட்டு இடது சக்கரம், அந்தத் தட்டு வலது சக்கரம்."

"ரெண்டுலயும் சாப்பாடு இருக்கு. சிந்தாதே."

"ரெண்டும் சேர்ந்து சுத்தினாத்தான் வண்டி ஏறும். சேர்த்துப் பூட்டுறதுதான் லாக்கர்."

"அப்படியா? நான் பஸ் ஓட்டுறேன், சமைக்கிறேன், துவைக்கிறேன். நீ அந்தரத்துல சுத்திக்கிட்டிருக்கே. வீட்டுக்கே ஒண்ணு வாங்கி மாட்டு."

"விளையாடாதே. இதுல மூணு வகை. ஒண்ணு அரைப்பூட்டு. முழுசாப் பூட்டவும் பூட்டாது, விடவும் விடாது."

"உங்க அண்ணன் மாதிரி."

"ரெண்டாவது ஆட்டோமேட்டிக். எப்பவும் பூட்டியே இருக்கும், வளைவுல மட்டும் தானா விடும். மூணாவது காத்து லாக்கர். பொத்தானை அமுக்கினா புஸ்ஸுன்னு காத்து போய்ப் பூட்டிக்கும். வேணாம்னா திரும்ப அமுக்கணும்."

எனக்கு வேண்டியது காற்று லாக்கர். விலைதான் கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தப் பொத்தான்! நான் அமுக்கி ஏதாவது நடக்கிற பொத்தான் எங்கள் வீட்டில் இதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

ஆனால் வாயைத் திறந்து கேட்டால் கிடைக்குமா? நான் நீலச் சுவர் கேட்டேன், வெள்ளை அடித்தாள். நாய் கேட்டேன், பூனை வந்தது. ஆகவே மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டேன். எனக்கு வேண்டாததைக் கேட்பது. வேண்டியது தானாக வந்து சேரும்!

"நான் ஆட்டோமேட்டிக்தான் போடப்போறேன்," என்றேன், மேஜையைத் தட்டி. "காத்து லாக்கரெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு."

"அப்படியா," என்றாள் நரேல். பூனைக்கு மீன் துண்டு ஒன்றைப் போட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு டார்சியைப் பிடித்தேன். அவன் வண்டியில் இருப்பது ஆட்டோமேட்டிக். மலையில் அருமையாக ஏறும். தார்த்தரையில் திரும்பும்போது மட்டும் அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, ஊரே ஜன்னலைச் சாத்தும்.

"மாப்ளே, நரேலை உன் வண்டியில கடைக்குக் கூட்டிட்டுப் போ. வண்டி நிறுத்துற இடத்துல நல்லா ஒடிச்சுத் திருப்பு. சத்தம் கேட்டு அவ பயந்துடணும்."

"ஒரு டஜன் பியர் ஆகும்," என்றான் டார்சி.

சனிக்கிழமை. நரேல் முன்னால், நான் பின்னால். டார்சி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். டக், டக், டக், டமார்! டயர்கள் ஓலமிட்டன. பாதிரியாரின் மனைவி கையிலிருந்த ஈஸ்டர் சிலுவை பன் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டார்சி இன்னொரு வட்டம் அடித்தான். டமார்!

"நிறுத்து!" என்று நரேல் காதைப் பொத்தினாள். "இந்தக் கூச்சலோட நான் கடைக்கு வர்றதா? ரோலண்ட், காத்து லாக்கர்தான் போடுறோம்."

உள்ளே எனக்கு வாணவேடிக்கை. வெளியே முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"எனக்குத் துளிகூட இஷ்டமில்ல."

"டார்சி, நல்லாக் கேட்டுக்கோ. இது நான் தேர்ந்தெடுத்தது. இவனுக்கு இஷ்டமில்லயாம்."

"இல்லவே இல்ல!" என்று அலறினேன். என்ன நடிப்பு! என்னை நானே முதுகில் தட்டிக்கொடுக்க முடியாமல் போனதுதான் குறை.

லாக்கர் வந்தது. மாட்டியாயிற்று. அன்று முதல் கொட்டகையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவதே எனக்கு வேலை. புஸ். மறுபடி புஸ். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் நரேலை நான் ஜெயித்த முதல் ஆட்டம் இது. அந்தச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

ஈஸ்டரும் வந்தது. முந்தின நாள் நல்ல மழை. மாமியார் மூக்கு பளபளவென்று மின்னியது. அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் கிளப் தலைவி பெரில், வயது எழுபது தாண்டியவர், டாய்லெட் சீட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவந்தார்.

"என்ன ரோலண்ட், இந்த வருஷமும் உனக்குத்தானே? துடைச்சு வச்சிருக்கேன்."

"இந்த வருஷம் வேற கழுத்தைப் பாருங்க பெரில். காத்து லாக்கர் போட்டிருக்கேன்!"

"ஓ, புதுச் சாமானா? யாரு தேர்ந்தெடுத்தது?"

கிளப்பின் இன்னொரு வழக்கம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. புதிதாக மாட்டிய சாமானை யார் தேர்ந்தெடுத்தாரோ அவரேதான் முதல் தடவை ஓட்டி ஏற்றிக் காட்ட வேண்டும். சேற்றில் சிக்கியபின் பெண்டாட்டி மேல் பழி போடுகிறவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம்.

நான் வாயைத் திறப்பதற்குள் டார்சி திறந்துவிட்டான்.

"நரேல்தான். ரோலண்ட் வேணவே வேணாம்னு கத்தினான். என் காதாலயே கேட்டேன்."

நரேல் ஏற்கெனவே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, பஸ் ஓட்டுகிறவள் தோரணையில்.

"நரேல், அந்தப் பொத்தான்..."

"தெரியும். நீ மேலே போய் அந்தப் பள்ளத்துகிட்ட நின்னு கை காட்டு. அங்க சக்கரம் எங்க தொங்கும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அனுபவசாலி என்று ஒப்புக்கொண்டாளே! மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். பள்ளத்தருகே நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!" என்று கத்தினாள். அங்கே களிமண் கூழாகக் கிடந்தது. பரவாயில்லை, நின்றேன்.

வண்டி கிளம்பியது. நான் இடது என்று காட்டினேன், அவள் வலதில் போனாள். நில் என்றேன், வேகம் கூட்டினாள். பள்ளம் வந்தது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. புஸ்! இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்ற, வாளி வாளியாகச் சேறு என் முகத்தில் வந்து விழுந்தது. கண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன், வண்டி உச்சியில் நிற்கிறது!

நான் குதித்தேன். அதாவது, மேல்பாதி மட்டும் குதித்தது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. என் வண்டி! என் லாக்கர்! மாமியார் மூக்கை ஒரே மூச்சில் ஏறிவிட்டது. கீழே அத்தனை பேரும் கைதட்டுகிறார்கள். இந்த வருஷம் என் கழுத்து எனக்கே சொந்தம்!

ஒரு அடி எடுத்துவைக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. முழங்கால்வரை களிமண்ணில் புதைந்திருந்தேன்.

"ரோலண்ட், கயிறு வீசட்டுமா?" நரேலின் குரலில் தேன் சொட்டியது.

"வீசு, வீசு!"

வண்டியின் பின்கொக்கியில் ஒரு முனை, என் இடுப்பில் மறு முனை. நரேல் மெதுவாக நகர்த்தினாள். பூட்ஸ் அங்கேயே நிற்க, நான் மட்டும் உருவிக்கொண்டு, கூட்டத்துக்குக் கை அசைத்தபடியே, வயிற்றால் வழுக்கி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், பெரில் ஓரமாக ஏறி வந்து நிற்கிறார். கையில் சீட்.

"அய்யோ, வண்டி மாட்டலையே!"

"கயிறு போட்டு இழுக்கப்பட்டவர்னுதான் வழக்கம். வண்டின்னு யாரு சொன்னா?" என்று கழுத்தில் மாட்டிவிட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் தட்டு மலைக்கு முன்னால் குந்தியிருந்தேன். டார்சி தன் தட்டைக் கொண்டுவந்து போட்டான்.

"தப்பா நினைக்காதே மாப்ளே. நீ என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நரேல் வந்துட்டா. 'ரோலண்ட் சத்தம் காட்டச் சொல்லுவான், நல்லாக் காட்டு, அப்பத்தான் தேர்ந்தெடுத்தது நான்னு ஆகும், மலையில நானே ஓட்டலாம்'னு சொன்னா. அவ ரெண்டு டஜன் பியர் குடுத்தா."

கரண்டி கையிலிருந்து நழுவியது. நரேல் தேநீர்க் கோப்பையோடு வந்து, ஆட்டுத்தொடை சுட்ட பெரிய தட்டை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

"ரெண்டும் சேர்ந்து சுத்தினாத்தான் வண்டி ஏறும்னு நீதானே சொன்னே, ரோலண்ட்? நான் ஓட்டிட்டேன், நீ கழுவு."