அரிதட்டில் கிடைத்த கடல்

சிவமயம்

கோலா சிலாங்கூர்
18-8-1926

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் பசுபதி அவர்களுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி குமாரசிங்கம் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பானாக. இவ்விடம் நானும் தங்கள் தங்கை யோகாம்பாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

கூலி லயத்துச் சனங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துச் சித்திரையிலிருந்து வயிறு கழிந்து சாகிறார்கள். ஆனி முடிவதற்குள் நாலு பேரைப் புதைத்தாயிற்று. துரை ஆழ்துளைக் கிணறு போடத் தொடங்கினார். இங்கே எங்கே தோண்டினாலும் உப்பு. மேல் மண்ணின் உப்பு கசிந்து கலப்பதால் கீழே உள்ள தண்ணீரை ருசி பார்த்தும் சொல்ல முடியாது. துரையின் சிநேகிதர், மண்ணைப் படித்த வெள்ளைக்காரர், ஒரு வழி எழுதினார். இந்த நிலம் முன்னொரு காலம் கடலாம். கடல் மண்ணில் கடுகிலும் சிறிய சிப்பிகள் இருக்குமாம். எந்த ஆழத்தில் அவை இல்லாமற் போகின்றனவோ அங்கே கடல் முடிந்தது, அதன் கீழே நல்ல தண்ணீர், இரும்புக் குழாயை அதுவரை இறக்கு என்றார். சிப்பி பார்க்க ஆள் வேண்டுமே! என் கையெழுத்துப் பொடியாக இருப்பதால் கண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று துரை தீர்மானித்து, படம் போட்ட புத்தகம் ஒன்றையும் பூதக்கண்ணாடி ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்.

துரை தந்த சல்லடையைக் கூலிகளை ஏவும் மண்டோர் முதல் நாளே மிதித்து நெளித்துவிட்டான். ஆகவே இடியப்ப மா அரிக்கத் தாங்கள் சீதனத்தோடு அனுப்பிய பித்தளை அரிதட்டை எடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி. துளையில் ஆழத்துக்கு ஆழம் எடுத்துப் போத்தலில் அனுப்பும் மண்ணைக் கரைத்து, அரித்து, காயவைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினால், ஒன்று முறுக்குப் போல, ஒன்று வெந்தயம் போல. நான் அதிசயித்து யோகாம்பாளை அழைத்துக் காட்டினேன். தங்கள் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு, "செத்ததுகளை அள்ளின தட்டில நான் இனி மா அரிக்கமாட்டன்" என்றாள். பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஒவ்வொரு போத்தல் மண் முடிந்ததும் தட்டை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தீட்டுப் போகத் தேய்த்துத் தருவாள். இங்குள்ள மண்ணோ கறுப்புச் சேறு, பித்தளை துலங்காது. கடைக்காரர் சேக் பரீது சுங்கை செம்பிலாங் கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு மணல் கொண்டுவந்து போட்டார். அதை அள்ளி அவள் தேய்க்கிற தேய்ப்பில் என் பல் கூசும். தாங்கள் வளர்த்த வளர்ப்பு, நான் என்ன சொல்ல!

இருபது அடியில் சிப்பி. நாற்பதிலும் சிப்பி. அறுபதில் மண்ணின் நிறமே மாறிப் பருக்கைக் கல் வந்தது, அதிலும் சிப்பி. எண்பதில் மேலே கிடைத்ததைவிடப் புத்தம் புதிதாக, பளபளவென்று. ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துப் பெயர் எழுதினேன். அடிவரைக்கும் கடல்தான் என்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன். துரை வேலையை நிறுத்தித் துளையை மூடச் சொன்னார். அது நடந்து மூன்று வாரம். அதற்குள் இன்னும் மூன்று பேர் போய்விட்டார்கள். கடைசியாகப் போனது பால்மரம் வெட்டும் வேலம்மாவின் மகள் கங்கா, நேற்று. போன வாரம் வேலம்மா அலுவலகத்து வாசலில் வந்து நின்று, "ஐயா, அடியிலயும் கடலுதான்னா நாங்க எதத்தான் குடிக்கிறது?" என்று கேட்டாள். விஞ்ஞானத்தை அவளுக்கு எப்படி விளக்குவது? காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது மச்சான்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. அத்தனை ஆழத்தில் அத்தனை புதிதான சிப்பி எங்குமே கிடைத்ததில்லையாம். அந்தச் சிநேகிதர் சீமைக்கு எழுதி அந்த மண் படிவத்துக்கு என் பெயரையே வைக்கப்போகிறாராம். இதைக் கோயிலடியில் நாலு பேர் காதில் விழும்படி வாசிக்கவும். தைப்பொங்கலுக்குத் தாங்கள் குடும்பத்தோடு இங்கே வர வேண்டும்.

தங்கள் வீட்டில் நெல்லும் பிள்ளைகளும் குறைவின்றிப் பெருகட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்
வே. குமாரசிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் துரை ஆள் அனுப்பினார், சீமைக்கு அனுப்ப நல்ல சிப்பியாகப் பத்து வேண்டுமென்று. எண்பதடிப் போத்தலில் பாதி மண் மிச்சமிருந்தது. யோகாம்பாள் வேலம்மாவின் லயத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தாள். தட்டை நானே மழைத்தண்ணீரில் ஊறவைத்து, பழைய தூரிகையால் கண் கண்ணாகக் கழுவினேன். பிறகு அரித்தேன். சிப்பி இல்லை. மூன்று தரம் அரித்தேன். ஒன்றுகூட இல்லை. பிறகு சேக் பரீதின் சாக்கிலிருந்து ஒரு பிடி மணலைக் கண்ணாடியின் கீழே வைத்தேன். முறுக்கும் இருந்தது, வெந்தயமும் இருந்தது, பளபளவென்று.

மண்ணின் நிறம் மாறிய அறுபதடியிலேயே நல்ல தண்ணீர் இருந்திருக்கிறது மச்சான். மூன்று பேர். தட்டின் கண்ணில் அந்த மணல் ஒட்டத் தேய்த்த யோகாம்பாள் மேல் குற்றமில்லை. பளபளப்பைப் பார்த்தும் சந்தேகப்படாதவன் நான். மேலே எழுதியதை யாருக்கும் வாசிக்க வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம். இப்போதே துரையிடம் போகிறேன். துளையைத் திறந்தாலும், என்னை வைத்திருக்கமாட்டார்.

யோகாம்பாள் இப்போதுதான் வந்தாள். தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு வடிவாய்க் கழுவியிருக்கிறியள்" என்றாள்.