சம்மதத்துக்குக் காத்திருந்த பிரியாணி

அந்த யோசனை எனக்கு அலுவலகத்தில்தான் உதித்தது. ஊறுகாய் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சேர்ந்த புதிது. மேனேஜர் ஓர் இணையக் கூட்டத்தில் என்னையும் உட்காரவைத்தார் (மைக்கைத் தொடக்கூடாது என்ற கண்டிப்புடன்). பல நாட்டுக்காரர்கள் கூடி, உணவுத் தர வரைவு ஒன்றை வரிவரியாக அலசினார்கள். ஒத்துவராத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்தார்கள். ஓட்டெடுப்பே கிடையாது. கடைசியில் தலைவர், "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்றார். மௌனம். அந்த வரி முடிவாகிவிட்டது. எனக்குப் புல்லரித்தது.

அந்த ஞாயிறே லிங்கராஜபுரம் சர்ச் ஹாலில் ஷீலா அக்காவின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஊரின் மறுகோடியில் இருக்கும் சந்தாபுராக்காரர்கள். முன்பு எங்கள் உறவில் ஒரு விருந்து சாப்பிட்ட பாதிப் பேருக்கு வயிறு கெட்டிருந்தது. அதை நினைத்து நினைத்து ஒரு தெர்மாமீட்டரே வாங்கிவைத்துக்கொண்டேன். சம்பந்திகளுக்கு ஏதாவது ஆகி, கல்யாணமே நின்றுவிட்டால்?

ஆகவே ஹாலுக்குப் பின்னால், பிரியாணி வெந்த பெரிய தேக்சா அண்டாவைச் சுற்றி ஒரு சர்வதேசக் கூட்டம் கூட்டினேன். எங்கள் தரப்பில் சித்தப்பா, அவர்கள் தரப்பில் மாப்பிள்ளையின் அத்தை, சமையல் தரப்பில் பாஷா பாய். தலைவர் நான் (வேறு யார்?). வரைவு ஒரே வரி: பிரியாணி அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் பரிமாறக்கூடாது.

தெர்மாமீட்டரோடு மூடியைத் திறக்கச் சொன்னேன்.

"நக்கோம்மா, வேணாம்மா, தம்மு போயிடும்!" என்று பாஷா பாய் பதறினார். நான் விடவில்லை. ஆவி பறந்தது. எண்பதுக்கு மேல் காட்டியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"எங்க அளக்கணும்னு போடலியே?" என்றார் அத்தை. "மேல் சோறுதான் மொதல்ல ஆறும். அங்க அளங்க."

"அடியில அளந்தாத்தான் சூடு நல்லா காட்டும், நமக்கு மரியாதை" என்றார் சித்தப்பா.

"கறியில மட்டும் குத்தக்கூடாது. நான் ஒத்துக்கமாட்டேன்" என்றார் பாஷா பாய். அவருக்கும் இந்த விளையாட்டு பிடித்துப்போயிருந்தது.

'அளக்கும் இடம்' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டேன். பெருமை தாங்கவில்லை.

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா ஓடிவந்தாள். "ஏய் ஜெனி, சாப்பாடு எங்கடி? உள்ள என் மாமியாரு வாட்ச்சையே பாத்துனு இருக்காங்க!"

"எல்லாரும் ஒத்துக்கணும்க்கா. கிட்ட வந்துட்டோம்."

கடைசியில் மேல் சோற்றிலேயே அளப்பது என்று முடிவாயிற்று. தலைவர் தோரணையில் கேட்டேன்: "யாருக்காவது மறுப்பு உண்டா?" மௌனம். எனக்குக் கண் கலங்கியது.

"இப்ப எவ்ளோ காட்டுது?" என்றார் அத்தை.

அதுவரை மூடியைத் திரும்பப் போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மேல் சோறு ஐம்பத்தொன்று.

"நாமளே போட்ட சட்டமாச்சேம்மா" என்று சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

அவசர அவசரமாக அடுப்பைத் தூண்டினோம். அடி பிடித்தது. பிரியாணிக்கு முன்னால் கருகல் வாடை ஹாலுக்குள் போய்ச் சேர்ந்தது. அன்று சம்பந்திகள் சாப்பிட்டது பேக்கரி முட்டை பஃப்ஸும் வாழைப்பழமும். ஒருவருக்கும் வயிறு கெடவில்லை (இதை மட்டும் யாரும் பாராட்டுவதில்லை).

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போனால் இப்போதும் அக்காவின் வருங்கால மாமியார் குழம்பில் உப்புப் போடும் முன் என்னைப் பார்த்து, "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்கிறார்.

அடுத்த மாதம் கல்யாணம். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அக்கா வேலைகளைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். 'சமையல் மேற்பார்வை: [ஜெனி]'.

அந்த அடைப்புக்குறியை எடுக்கவைப்பதுதான் என் அடுத்த முயற்சி. புது வரைவு தயார்: முடிவான பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பாஷா பாய் சம்மதித்துவிட்டார். சித்தப்பாவும், அத்தையும்கூட. மறுப்பது கல்யாணப் பெண் ஒருத்திதான்.