நாயாற்று வள்ளத்துக்குப் புதுப் படங்கு போட்ட விபரம்

நாயாறு தென்கரை,
1961 மார்கழி.
(தேதி திட்டமாகத் தெரியாது. கலண்டர் நனைந்து கார்த்திகையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.)

பெருமதிப்புக்குரிய சம்மந்தி திரு. அப்புத்துரை அவர்களுக்கு, இளைப்பாறிய நீர்ப்பாசன ஓவசியர் கனகலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் என் தங்கை இராசேஸ்வரியும் சுகம். மழையும் நல்ல சுகத்தோடு இருக்கிறது, ஒரு நாளாவது ஓய்ந்து படுத்ததாகத் தெரியவில்லை. முல்லைத்தீவில் தாங்களும் சம்மந்தியம்மா அன்னபாக்கியமும் மருமகனும் என் மகள் விமலேஸ்வரியும் சுகமாக இருக்கவேண்டுமென்று வற்றாப்பளை அம்மனை நேர்ந்துகொள்கிறேன். அம்மனும் இந்த மழையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பா என்றுதான் நினைக்கிறேன்.

நிற்க. தீபாவளிக்குப் பலகாரத்தோடு நானும் தங்கையும் தங்கள் வீட்டுக்கு வந்தபோது, விமலாவைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி முறைப்படி கேட்டேன். தாங்கள் வெற்றிலை போட்டீர்கள். சம்மந்தியம்மாதான் வாய் திறந்தா. "அனுப்பிறதிலை ஒண்டும் இல்லை அண்ணை. ஆனா உங்கடை வள்ளத்துப் படங்கைப் பாத்தீங்களோ? மழையும் காத்தும் அதுக்குள்ளாலை வந்து போகுது. வயித்துப்பிள்ளைக்காரியை அதிலை எப்பிடி ஏத்திறது? முதல்லை ஒரு நல்ல படங்காப் போடுங்கோ, பிறகு கதைப்பம்" என்றா. நியாயமான கதை. நான் எழும்பித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் படங்கோடுதான் என் சீவியம்.

மாரியில் ஆறு கடக்க எங்களுக்குள்ள அந்த மோட்டர் வள்ளம் டிப்பார்ட்மெந்து ஏலத்தில் கழித்துவிட்டபோது நான் எடுத்தது தாங்கள் அறிந்ததே. மேலே இரும்பு வளைவுகள், அதைச் சுற்றிக் கூடாரம் மாதிரிக் கன்வஸ் படங்கு, ஜீப் வண்டிக்கு இருப்பதுபோலக் கண்ணாடித்தாள் சன்னல். இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். கையால் தொட்டால் அப்பளம்போல நொறுங்குகிறது. சரி, புதுக் கன்வஸ் வாங்குவோமென்று முல்லைத்தீவுக் கடைகளில் கேட்டால் யாழ்ப்பாணத்துக்குப் போ என்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஆளனுப்பிக் கேட்டால் கொழும்பிலிருந்து வரவேணுமாம், தை பிறந்தபிறகு பாப்பம் என்கிறார்கள். தை முடியமுன்னம் பிள்ளை பிறந்துவிடும் ஐயா! நான் படங்கைக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைக்கு ஏணைத்தொட்டில் கட்டவோ?

அந்த நேரத்தில் செம்மலையில் ஒரு நாடகக் கொம்பனி மழையில் அகப்பட்டுக் கிடப்பதாகக் கதை வந்தது. மேடை போட்ட அன்று தொடங்கிய மழை விடவில்லை, சனம் வரவில்லை, ராசா வேசம் போடுகிறவர் காய்ச்சலோடு படுத்துவிட்டார். கொம்பனி முதலாளி ஊர்போய்ச் சேர்ந்தால் போதுமென்று சீன் படங்களை விற்கிறார் என்றார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கவிடுகிற கன்வஸ்தானே, நல்ல தடிப்பு. நான் நெல்லுமூட்டையோடு போனேன். "இது காட்டுச் சீன் ஐயா, மரமும் கொடியுமா வடிவா இருக்கும்" என்று சுருட்டிய ஒன்றைக் காட்டினார். கொட்டுகிற மழையில் விரித்துப் பார்க்க முடியுமா? ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். மரம் தெரிந்தது. நாற்பது வருசம் அரசாங்கத்துக்கு அணைக்கட்டு அளந்தவன் ஒரு சீனை முழுதாக விரித்துப் பார்க்காமல் வாங்கினேன்.

தைக்கிறதற்குத் தண்ணீரூற்று மீராசாகிபு நானாவைக் கூட்டிவந்தேன். மனுசன் தங்கமானவர், ஆனால் இவ்வளவு காலமும் சேட்டும் காற்சட்டையும் தவிர வேறொன்றும் தைத்தவரில்லை. நாடாவை எடுத்து வள்ளத்தின் மூக்கைக் கழுத்து என்றும், நடுவை நெஞ்சு என்றும், பின்பக்கத்தை இடுப்பு என்றும் அளந்தார். எல்லாப் பக்கமும் சாண் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டிருந்தார். இதென்ன நானா என்று கேட்டேன். "பிறகு இறுகிச்செண்டு ஆள் வரக்கூடாது ஐயா, தேவையெண்டாப் பிரிச்சு விடலாம்." வள்ளம் இனி வளராது நானா என்றேன். "அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுறவை" என்றுவிட்டு மெசினை மிதித்தார். மூடுவதற்கு உள்பக்கமாக வரிசையாகக் கோட்டுப் பொத்தான் வைத்தார். படம் கீறிய பக்கத்தை உள்ளுக்கு வைத்துத் தைத்தார், வெளியில் விட்டால் மழைக்குப் படம் பழுதாகிவிடுமாம்.

கொண்டுபோய் வளைவுகளில் மாட்டிவிட்டு உள்ளே ஏறி இருந்து நிமிர்ந்து பார்த்தேன். சம்மந்தி, எப்படி எழுதுவேன்! மரம் இருந்தது உண்மை. மரத்துக்குக் கீழே சுடலை. இடப்பக்கம் கட்டை அடுக்கி நெருப்பு எரிகிறது, வலப்பக்கம் மண்டையோடு, தலைக்குமேலே காகம். காட்டுச் சீனல்ல, சுடலைச் சீன்! வயிற்றில் பிள்ளையோடு வருகிறவளை அதற்குள் இருத்தலாமா? "நீங்கள் தைக்கத்தானே சொன்னீங்கள், பாக்கச் சொல்லேல்லையே" என்கிறார் நானா. வேறு வழியில்லாமல் முழுவதையும் கழற்றி உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி மாட்டினோம். உள்ளே சுத்தமாயிற்று. சுடலை வெளியே போயிற்று. அதோடு பொத்தான்களும் வெளியே போய்விட்டன என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

வெள்ளோட்டம் விட நானும் நானாவும் ஏறினோம். பொத்தான் வெளியில் என்றபடியால் தங்கச்சி முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டா. எஞ்சினை இழுத்தேன். நல்லாய்த்தான் போனது. நடு ஆற்றில் கண் எரியத் தொடங்கிச்சுது. பழைய படங்கு முழுக்க ஓட்டை என்றதாலை எஞ்சின் புகை தன்பாட்டிலை போய்க்கொண்டிருந்திருக்கு. இது புதுசு, ஒரு ஓட்டை இல்லை! மண்ணெண்ணெய்ப் புகை முழுக்க எங்களோடை உள்ளுக்கை. பொத்தானைக் கழட்டக் கை எட்டேல்லை. கத்தரிக்கோலை எடு நானா எண்டு கத்தினன். "தைச்ச கையாலை எப்பிடி ஐயா வெட்டிறது" எண்டு மனுசன் இருமிறார். பிறகு அவரும் மூச்சு முட்டித்தான் ஒரு மூலையை வெட்டினார். அதாலை புகை குபுகுபுவென்று வெளியே போனது. அது போன இடம் படத்தில் கட்டை எரிகிற இடம்.

வடகரையில் பஸ்ஸுக்கு நின்ற சனம் என்னத்தைக் கண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மழைக்குள்ளால் ஒரு சுடலை, உண்மையான புகையோடு, தண்ணீரில் மிதந்து வருகிறது. ஆம்பிளைகள் தோளிலிருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார்கள். நான் கரி பிடித்த முகத்தோடு வெட்டின மூலையால் தலையை நீட்ட, மீன் கூடையோடு நின்ற ஒரு மனிசி, "ஆரின்ரை செத்தவீடு, அண்ணை?" என்று கேட்டா. "இனித்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் கரையில் குந்திவிட்டேன். நானாவின் இடத்தில் என் பிள்ளை இருந்திருந்தால்? அன்று நான் சாப்பிடவில்லை.

ஆனால் தாங்கள் பயப்பட ஒன்றுமில்லை. புகைக் குழாயை நீட்டி வெளியே விட்டாயிற்று. பொத்தானெல்லாம் பிடுங்கிவிட்டு, உள்ளிருந்தும் கழற்றக்கூடிய கொழுக்கி வைத்தாயிற்று. சுடலைக்கு மேலே தார் பூசினேன், இப்போது முழுக் கறுப்பு. நேற்றுப் பெய்த பேய்மழையில் ஆற்று நடுவே வள்ளத்தை நிறுத்தி, உள்ளே வெள்ளைச் சீலையை விரித்துப்போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. தனியே இருந்து மழைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விமலாவின் தாய் இருந்திருந்தால் இதைக் காட்டியிருக்கலாமே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அவள் கண்மூடி இரண்டு மாரி போய்விட்டது. வீடு வீடாக இல்லை சம்மந்தி. அதற்குள் ஒரு குழந்தை அழவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை நான் வடகரைக்கு வள்ளத்தைக் கொண்டுவந்து, அங்கிருந்து கார் பிடித்துத் தங்கள் வீட்டுக்கு வருகிறேன். பிள்ளையை ஆயத்தமாக வைத்திருங்கள். தாய் படுத்த பெரிய அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். சம்மந்தியம்மாவுக்கு என் வணக்கம். மருமகனுக்கு உத்தியோக உயர்வும், விமலாவுக்குச் சுகப்பிரசவமும் அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்மந்தி,
ஆ. கனகலிங்கம்.

பி.கு: இதைக் கவருக்குள் போடமுன்னம் பெருமைக்குத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தவ, அறைக்கு வெள்ளையடித்த இடத்தில் அழத் தொடங்கிவிட்டா. "அண்ணை, இதை அனுப்பாதேங்கோ" என்றா. தீபாவளியன்று நான் உங்களோடு விறாந்தையில் இருந்தபோது குசினிக்குள் விமலா அவவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். "பிள்ளைக்குப் பயம் அண்ணை. ஆத்து வாயிலை மணல் உடைஞ்சு வெள்ளம் பாஞ்சு, ஆசுப்பத்திரிக்குக் கடக்க ஏலாமத்தானே அண்ணி அந்த அறைக்குள்ளை கிடந்து போனவா. அதுக்குள்ளை தன்னாலை பிள்ளை பெற ஏலாதாம். ஆசுப்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேணுமாம். உங்களுக்கு நேரை சொல்ல மனமில்லாமல், மாமியைக் கெஞ்சிப் படங்குக் கதையைச் சொல்லவைச்சதே அவள்தான்."

அப்ப ஏன் நீ இவ்வளவு நாளும் சொல்லேல்லை எண்டு கத்தினன். "அண்ணி போனபிறகு நீங்கள் காலமை எழும்பி ஒரு வேலைக்கெண்டு வெளிக்கிட்டதே இந்தப் படங்காலைதான். நான் எப்பிடிச் சொல்லுவன்?" என்றா.

வேறு தாள் எல்லாம் ஈரம், அதனால் இதையே அனுப்புகிறேன். இது தங்கள் கண்ணுக்கு மட்டும். எனக்குத் தெரியுமென்று சம்மந்தியம்மாவிடமும் காட்டிக்கொள்ள வேண்டாம். விமலாவிடம் இப்படிச் சொல்லுங்கோ: படங்கு சரிவரேல்லையாம், தையலெல்லாம் பிரிஞ்சு போச்சாம், இந்த மாரிக்குப் பிள்ளையை வள்ளத்திலை ஏத்த மாட்டனெண்டு அப்பா எழுதியிருக்கிறார், பிள்ளைப்பேறு அங்கேயே நடக்கட்டுமாம். மெதுவாகச் சொல்லாதேங்கோ. அப்பா கோவமா எழுதியிருக்கிறார் எண்டு சொன்னால்தான் அவள் நம்புவாள்.