பசி போகாத பூசணம்

திண்டுக்கல்லில் ஊசிப்போன ரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன ஒரே மனிதர் எங்கள் பூசணம் சார்தான். உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் உச்சரித்ததில்லை. அவர் மனைவிகூட 'எங்க வீட்டுப் பூசணம்' என்றுதான் சொல்வார் என்று கேள்வி.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊருக்கு வெளியே ஒரு தோல் பதனிடும் ஆலையில் நான் குமாஸ்தா, அவர் கெமிஸ்ட். எங்கள் ஆலையிலிருந்து குரோமியம் கலந்த நீலத் தண்ணீர் ஓடும். சுற்றியிருந்த தோட்டத்துக் கிணறுகள் கெட்டுப்போக, அதிகாரிகள் கடைசி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் தண்ணீரைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் கேட்டுக்குச் சீல். எங்கள் அத்தனை பேர் பிழைப்பும் அதில்தான் இருந்தது.

ரொட்டியில் பூக்கும் கறுப்புப் பூசணத்தைத் தொட்டியில் வளர்த்தால் அது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார் சார். அதற்காகப் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கினார். "பழசு இருக்கா? ரொம்பப் பழசா?" பரிதாபப்பட்டு யாராவது புது ரொட்டி கொடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தொட்டி இருந்த கொட்டகைக்குள் பட்டப்பகலில்கூட நுழைய எனக்குத் துணிச்சல் கிடையாது. ஜன்னல் இல்லை. வெயில் கொளுத்தும்போதும் உள்ளே மழைக்கு முந்தின வாசனை. ரோமம் முளைத்த மாதிரி ஒரு கறுப்புப் படலம். உற்றுப் பார்த்தால் மெல்ல ஏறி இறங்கும்.

"காதை வெச்சுக் கேளு அப்பு. மூச்சு விடுதா?"

விட்டது. சத்தியமாக விட்டது.

மாலையில் நீலமாக ஊற்றிய தண்ணீர் காலையில் வெளுத்திருக்கும். "அந்த நீலம் எங்க சார் போச்சு?" என்றால், "தின்னுருச்சு" என்பார். மேஸ்திரி அந்தோணி அந்தப் பக்கம் போனாலே சிலுவை போட்டுக்கொள்வார்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர் முதல் பாய்லர் வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது ஆலை வழக்கம். அந்தோணி மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆட்களோடு கொட்டகைக்குள் போனார். "இம்புட்டு அழுக்கா? ஊத்துங்கடா!" என்று பாய்லர் வெந்நீரைத் திறந்துவிட்டார்.

சார் வந்து பார்த்தபோது தொட்டி விளிம்பு பளபளத்தது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். பூசணம் வெந்து அடியில் சுருண்டு கிடந்தது.

"ஏலே, கொன்னுட்டீங்களேடா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புதிதாக வளர்க்க மூன்று வாரம் வேண்டும். அந்தோணி வாசலில் நின்று அழுதார்.

மறுநாள் பழக்கதோஷத்தில் சார் நீலத் தண்ணீரை ஊற்றினார். மூச்சுச் சத்தம் இல்லை. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நேரம் ஆக ஆக நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. மத்தியானத்துக்குள் தொட்டியின் அடி தெரிந்தது. நான் வாசல் பக்கம் பின்வாங்கினேன்.

"சார், அதுதான் செத்துப்போச்சே?"

"உசுருதான் போச்சு அப்பு," என்றார் சாவகாசமாக. "பசி போகல."

தண்ணீர் தேறியது. சீல் வைக்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சாரே பூசணத்தை வளர்த்து, வேகவைத்து, காயவைத்து மூட்டை கட்டினார். வெந்நீர் ஊற்றும் பொறுப்பு அந்தோணிக்கு!

மறுவருடம் மாரடைப்பில் சார் போய்விட்டார். கொட்டகையில் அவர் கட்டிவைத்த மூட்டைகள் மிச்சமிருந்தன. காலையில் ஒவ்வொன்றாகப் பிரித்து நான்தான் தொட்டியில் போடுவேன், தனியாக. நீலம் வெளிறுவதைப் பார்க்கப் பயமே வரவில்லை. மனுஷர் இன்னும் வேலைக்கு வருகிறார் என்றுதான் தோன்றும். மூட்டைகள் தீருமுன் அந்தோணி புதிதாக வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நல்லவேளை. சாருடைய கடைசி மூட்டையைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.